பழகிய நாய்க்குட்டி மறுபடி வீட்டுக்குள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகத் தொடங்கினால்

தரையில் சலக் குளத்தைக் கண்டால் கை தானாக மொப்பைத் தேடும். ஒரு நிமிடம் பொறுங்கள். எங்கே போயிருக்கிறது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் குட்டி என்ன செய்துகொண்டிருந்தது: இந்த நாலையும் பார்த்துக்கொண்டு அப்புறம் துடையுங்கள். கதிரைக் காலடியில் நாலு சொட்டு என்றால் ஒரு காரணம். விறாந்தை நடுவில் ஒரு கோப்பை அளவு என்றால் வேறு காரணம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் இரண்டுமே தீராது.

நாங்கள் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில். பிட்டு பத்து வாரக் குட்டியாக வந்தாள். ஊர் நாய்க் கலப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. நாலு மாதம் முடியுமுன்பே வீட்டுக்குள் போவதை நிறுத்திவிட்டாள் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் ஃபோன் எடுத்துப் பெருமை பேசினேன். ஐந்தாம் மாதத்தில் ஒரே கிழமையில் ஏழு தடவை. குசினியில் தொங்கும் கலண்டரில் ‘ஒ’, ‘இ’ என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்து வந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் முக்கால்வாசியும் பின்னேரம் ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில்தான். வேலையால் ஒருவர், டியூசனால் ஒருவர் என்று எல்லோரும் வந்து சேரும் நேரம் அது. வீடு நிறைய ஆள் இருக்கும், குட்டியில் கண் வைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். தங்கச்சி பார்க்கிறாள் என்று நானும், நான் பார்க்கிறேன் என்று அவளும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு முறை வைத்து ஆளைப் பொறுப்பாக்கியதும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆகவே கலண்டர் குறிப்பைச் சிரிப்பாக எடுக்காதீர்கள்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலம்தான் அது அடக்கக்கூடிய உச்சம். மூன்று மாதக் குட்டிக்கு நாலு மணித்தியாலம். அதுவும் படுத்துக் கிடந்தால்தான். விளையாடிக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்திலும் வரும். தூங்கி எழும்பியதும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், ஓடி விளையாடி முடிந்ததும் என்று மூன்று நேரங்களில் கேள்வியே இல்லை, தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. அதனால்தான் சாப்பாட்டுக்கு நேரம் வைக்கச் சொல்கிறார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்திருக்கும் வீட்டில் குட்டி எப்போது இரண்டுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, இனி அறிகுறிக்கு வருவோம்.

அடிக்கடி, சொட்டுச் சொட்டாக

இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதற்குப் பழக்கம் எதுவும் உதவாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குந்துகிறது, வருவது சொட்டு, குந்தியபடியே முக்குகிறது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, இல்லாவிட்டால் சலத்தில் இளஞ்சிவப்பு தெரிகிறது. இதில் ஏதாவது இருந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று இருக்கலாம். பெண் குட்டிகளுக்கு இது கூடுதலாக வரும். மிருக வைத்தியரிடம் போங்கள்.

போகும்போது சலம் கொண்டுபோனால் வேலை கெதியாக முடியும். அதை எடுப்பதுதான் பகிடி. முதல் நாள் விடிய, நீளக் கைப்பிடிக் கரண்டியோடு பிட்டுவுக்குப் பின்னால் குனிந்து போனேன். கரண்டியைக் கண்டதும் சாப்பாடு என்று நினைத்து எழும்பி, வாலை ஆட்டி, மோந்து பார்த்தாள். வந்த சலமும் நின்றுவிட்டது. கேற்றடியில் வோச்சர் அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஐஸ்கிரீம் டப்பாவின் தட்டை மூடியைக் கழுவிக் காயவைத்து, அவள் குந்தி ஒரு விநாடி போனபின் பக்கவாட்டில் தரையோடு தரையாகத் தள்ளினேன். கவனிக்கவே இல்லை. பாமசியில் வாங்கிய மூடிபோட்ட சிறு கோப்பைக்குள் ஊற்றிக்கொண்டு உடனே கிளம்பியாயிற்று. உடனே போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

மருந்து தந்தால் குறித்த நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும், இரண்டாம் நாளே நின்றுவிட்டது என்று நிறுத்தக்கூடாது. நோய் மாறியபின்னும் சில நாள் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அது நோய் இல்லை, நோய் விட்டுப்போன பழக்கம்.

வேறு சிலதும் வைத்தியரின் வேலைதான். தூங்கும்போது படுத்த இடம் நனைகிறது, குட்டிக்கே தெரியவில்லை என்றால் பிறவியில் வந்த குறை இருக்கக்கூடும். வழக்கத்தை விடத் தண்ணீர் குடித்துக் குளம் குளமாகப் போகிறது என்றால் ஒரு நாள் அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல், அதாவது ஐந்து கிலோக் குட்டி அரை லீற்றருக்கு மேல் குடிக்கிறது என்றால் சொல்ல வேண்டிய விஷயம். சொறிக்கு என்று தரும் ஸ்டீரொய்ட் மாத்திரை தாகத்தையும் சலத்தையும் கூட்டும். அந்த மாத்திரை ஓடும் நாட்களில் குட்டியைக் கோபித்துப் பயனில்லை, இரண்டு தடவை கூடுதலாகக் கீழே கொண்டுபோனால் சரி. தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தி, இரத்தத்தோடு வயிற்றோட்டம், சோர்வு என்று வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அந்த மணித்தியாலமே வைத்தியரிடம் ஓடுங்கள். பார்வோ வைரஸ் நாளை வரை காத்திருக்காது.

கீழே கொண்டுபோனால் போகாது, மேலே வந்ததும் போகும்

தொடர்மாடி வீடுகளில் நான் கூடுதலாகக் கேட்கும் முறைப்பாடு இதுதான். இருபது நிமிடம் கீழே நின்று, கால் கடுத்து, லிஃப்டில் ஏறி, கதவைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விறாந்தையில் குளம். வேண்டுமென்றே செய்கிறது என்றுதான் தோன்றும்.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெளியே பயம் அல்லது பிராக்கு. எங்கள் பக்கத்தில் கடலோரம் ரயில் பாதை. கோட்டையிலிருந்து வரும் ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால் பிட்டு தரையோடு ஒட்டிவிடுவாள். அதற்கு மேல் காகம், ஓட்டோ, ஒழுங்கையில் படுத்திருக்கும் தெரு நாய்கள். இத்தனைக்கும் நடுவில் குட்டிக்குத் தன் வயிற்றின் ஞாபகமே வராது. வீட்டுக்குள் வந்து உடம்பு தளர்ந்ததும்தான் வரும். மற்றக் காரணம் நாங்களே பழக்கியது. அது ஒன்றுக்குப் போன மறு விநாடி ‘முடிஞ்சுது, வா’ என்று இழுத்துக்கொண்டு மேலே வருகிறோம். கெட்டிக்காரக் குட்டி இரண்டு கிழமையில் கணக்கைப் பிடித்துவிடும்: போனால் உலா முடியும், ஆகவே அடக்கு.

இதற்கு நாங்கள் செய்தது இப்படி. தினமும் ஒரே மூலை, சத்தம் குறைந்த பக்கம், வார் குட்டையாக. அங்கே நின்றுகொண்டு ஃபோனைப் பார்க்காமல், பேசாமல், மரக்கட்டை மாதிரி ஐந்து நிமிடம். போனால் அந்தக் கணமே வாயில் அவித்த கோழித் துண்டு, அதற்குப் பிறகுதான் உலா. போகாவிட்டால் மேலே வர வேண்டியது, ஆனால் குட்டியை அவிழ்த்துவிடக் கூடாது. மடியில் வைத்திருங்கள் அல்லது வாரை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி அதே மூலை. முதல் நாள் நான் நாலு தடவை ஏறி இறங்கினேன், அன்றைக்குப் பார்த்து லிஃப்டும் வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாள் முதல் தடவையிலேயே போய்விட்டாள்.

கோழித் துண்டு உங்கள் பொக்கற்றில் இருக்க வேண்டும், வீட்டில் இருந்து பயனில்லை. லிஃப்டில் ஏறி மேலே வந்து கொடுத்தால், மேலே வந்ததற்குத்தான் பரிசு என்று அது விளங்கிக்கொள்ளும்.

சொல்லும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மம்மா ‘ஒண்டுக்கு இரு’ என்பார், தம்பி ஆங்கிலத்தில் ஏதோ சொல்வான், சமைக்க வரும் அக்கா சிங்களத்தில் ‘சூ’ என்பார். கடைசியில் எல்லோரும் ‘சூ’வுக்கு மாறினோம். குட்டிக்குச் சொல்ல வசதி, பக்கத்து வீட்டாருக்கு விளங்கினாலும் வெட்கமில்லை.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப

இது மூக்கின் வேலை. உங்கள் மூக்குக்குப் போய்விட்ட மணம் அதன் மூக்குக்குப் போகவில்லை. நாய்க்கு அது கழிப்பறைப் பெயர்ப்பலகை மாதிரி.

முதலில் இடங்களைக் கண்டுபிடியுங்கள். புறக்கோட்டையில் கள்ள நோட்டுப் பார்க்க விற்கும் ஊதா நிற டோர்ச் ஒன்று போதும். இரவில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு தரைக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். காய்ந்த சலம் மஞ்சள் பச்சையாகத் தெரியும். சவர்க்காரத் தூள் மிச்சமும் மினுங்கும் என்பதால் சந்தேகமென்றால் குனிந்து மோந்துதான் பார்க்க வேண்டும். நான் இரண்டு இடம் என்று நினைத்துப் போனேன், சோபாவின் பின்காலில் மட்டும் நாலு. டைல்ஸ் மேலே பளபளவென்று துடைத்திருந்தேன், இரண்டு டைல்ஸுக்கு நடுவில் சீமெந்து போட்ட இடுக்கில் அத்தனையும் ஊறிக் கிடந்தது.

துடைப்பதில் நாங்கள் செய்யும் பிழைகள் மூன்று. வாசனைத் திரவத்தால் துடைத்தால் எலுமிச்சை மணம் எங்களுக்கு, சல மணம் குட்டிக்கு. அமோனியா கலந்தவை இன்னும் மோசம், சலத்திலும் அந்தச் சாயல் இருப்பதால் அழைப்பிதழ் வைத்த மாதிரி. மூன்றாவது ஆபத்தானது: குளோரின் திரவத்தை நேராகச் சலத்தின் மேல் ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் கண்ணும் தொண்டையும் எரிக்கும் வாயு வரும். யன்னல் சாத்திய சின்ன ஃபிளாட்டில் அது விளையாட்டில்லை.

செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவம்தான் சரியான சாமான். ஈரத்தைப் பழைய சீலைத்துண்டால் அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பரவும். பிறகு சலம் ஊறிய அளவுக்கு என்சைமும் ஊற வேண்டும். மேலால் இரண்டு தடவை விசிறினால் காணாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஈரமாகவே விட்டு, அப்புறம் தானாகக் காயவிடுங்கள். அதற்கு முன்போ கூடவோ கிருமிநாசினி போட்டால் என்சைம் வேலை செய்யாது, காசு வீண். சோபா மெத்தைக்குள் இறங்கியிருந்தால் உறையைக் கழற்றி உள்ளேயும் நனைக்க வேண்டும்.

என்சைம் இல்லாத நேரத்தில் வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்து, காய்ந்தபின் அப்பச்சோடா தூவி விட்டுக் கூட்டி எடுக்கலாம். டைல்ஸுக்குப் பரவாயில்லை. மெருகேற்றிய சிவப்புச் சீமெந்துத் தரையிலோ மாபிளிலோ வினாகிரி போடாதீர்கள், புளிப்பு மெருகைத் தின்றுவிடும். தெஹிவளையில் அப்பம்மா வீட்டு விறாந்தையில் நான் வைத்த வெளிறிய வட்டம் இன்னும் இருக்கிறது. அப்பம்மா அதன் மேல் பூச்சாடி வைத்திருக்கிறார். நாய் செய்ததென்று நினைக்கிறார், நான் திருத்தவில்லை.

துடைத்த இடத்தின் வேலையையும் மாற்றிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டை ஒரு கிழமை அங்கே வைத்தால் பெரும்பாலும் அங்கே போகாது. பாத்ரூம் வாசல் கால்மிதியில் மட்டும் போகிறது என்றால் காரணம் துணி. மெத்தென்று, உறிஞ்சுகிறது, சிறு வயதில் போன பேட் விரிப்பு மாதிரியே இருக்கிறது. இரண்டு மாதத்துக்குக் கால்மிதிகளைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போடுங்கள். கால் ஈரத்தோடு நடப்பது கொஞ்சம் சிரமம்தான்.

பழகிவிட்டது என்று நினைத்தபின் திடீரென்று

நாலு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் இது வரும். வைத்தியப் பிரச்சினை இல்லையென்றால் முதலில் உங்களைக் கேளுங்கள்: எப்போது அறைக் கதவுகளைத் திறந்துவிட்டீர்கள்? குட்டி ‘வீட்டுக்குள் போகக்கூடாது’ என்று படிப்பதில்லை. தான் படுக்கிற, சாப்பிடுகிற இடத்தில் போகக்கூடாது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். விறாந்தையில் வளர்ந்த குட்டிக்கு, யாரும் புழங்காத விருந்தினர் அறை வெளியூர் மாதிரி.

நான் வைத்திருக்கும் சட்டம்: நாலு கிழமை ஒரு தடவையும் பிழை வராவிட்டால் ஓர் அறை திறக்கும். புதிய அறையில் முதலில் நாங்களும் கூட இருந்து விளையாடி, அங்கே தூங்க வைத்து, அதையும் வீடாக்க வேண்டும். பிழை வந்தால் ஓர் அறை மூடும், இரண்டு கிழமைக்குப் பழைய நேர அட்டவணை, பழைய கோழித் துண்டு. பழகிவிட்டது என்று பரிசை நிறுத்துவதும் இந்தச் சறுக்கலுக்கு ஒரு காரணம். சம்பளம் நிறுத்தினால் யார் வேலைக்கு வருவார்?

வெடிச் சத்தமும் கணக்கில் வரும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 நள்ளிரவு. அந்த இரவுகளில் வெளியே போக மறுத்து உள்ளே போனால் அதைச் சறுக்கலாக எழுதாதீர்கள். வெடி தொடங்குமுன் ஒரு தடவை கொண்டுபோய் வந்துவிட்டால் போதும்.

ஆட்களைக் கண்டதும் சொட்டு விடுகிறது

மாமா வந்து கதவடியில் நின்று, உரத்த குரலில் ‘என்னடா குட்டி’ என்று குனிந்து தலையில் தட்டுவார். குட்டி வயிற்றைக் காட்டிக்கொண்டே போய்விடும். பணிவிலும் பரவசத்திலும் வருவது, அடக்கும் சக்தி அதற்கு இன்னும் இல்லை. கோபித்தால் இன்னும் பணியும், இன்னும் போகும். வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

வருகிறவருக்கு வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: முதல் ஐந்து நிமிடம் நாயைப் பார்க்கவேண்டாம், பேசவேண்டாம். அது அடங்கியபின் பக்கவாட்டில் குந்தி, தலைக்கு மேல் கை நீட்டாமல் நெஞ்சுப் பக்கம் தடவலாம். எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம். வீட்டுக்கு வந்தவரிடம் ‘பேசாதீங்கோ’ என்றால் முகம் மாறிவிடும். ஆகவே நான் விருந்தினர் வரும் நேரம் தெரிந்தால் முன்கூட்டியே கீழே கொண்டுபோய் வெறுமையாக்கிவிட்டு வருவேன். வெறும் பையிலிருந்து என்ன சிந்தும்?

சோபாவுக்குப் பின்னால் ஒளித்துப் போகிறது

இதை எழுதும்போது கொஞ்சம் உறைக்க எழுதத்தான் வேண்டும். குட்டி ஒளிக்கிறது என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள், அல்லது மூக்கைக் கொண்டுபோய்த் தேய்த்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் அதைத்தான் சொல்லித் தருவார்கள், என் பெரியப்பாவும் சொன்னார். குட்டி படிக்கும் பாடம் ‘இவர் முன்னால் போனால் அடி’ என்பது மட்டும். அதற்குப் பிறகு நீங்கள் வாரோடு கீழே நின்றால் உங்கள் முன்னாலும் போகாது. மேலே சொன்ன ‘கீழே போகாது, மேலே போகும்’ பிரச்சினையும் சில வீடுகளில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

‘குற்றம் செய்தது தெரிந்துதானே தலையைக் குனிகிறது’ என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்கரான அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்து எழுதினார். தொடக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு நாயின் சொந்தக்காரர் அறையை விட்டுப் போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்லப்படும், சில தடவை பொய்யாக. தின்ற நாயும் தின்னாத நாயும் ஒரே மாதிரித்தான், ஏச்சு விழுந்தபோது அந்த முகத்தைக் காட்டின. ஏச்சு வாங்கிய அப்பாவி நாய்கள் இன்னும் கூடுதலாக. அந்த முகம் உங்கள் குரலுக்கு வரும் பதில். அரை மணி நேரத்துக்கு முந்திய குளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கண் முன்னால் குந்தினால் மட்டும் ஒரு கைதட்டல், திடுக்கிட வைக்கும் அளவுக்கு வேண்டாம், நிறுத்தும் அளவுக்கு. உடனே தூக்கிக்கொண்டு வெளியே. அங்கே மிச்சம் இரண்டு சொட்டு போனாலும் பரிசு. பிந்திக் கண்டால் பேசாமல் துடைக்க வேண்டியதுதான். ஏற்கெனவே ஒளிக்கப் பழகிவிட்டால், சோபாவைச் சுவரோடு தள்ளி இடத்தை அடையுங்கள், குட்டியின் நம்பிக்கை திரும்ப மூன்று நாலு கிழமை கொடுங்கள்.

மழை என்றால் வாசலைத் தாண்டாது

கொழும்பில் இது வருடத்தில் பாதிக்கு வரும் அறிகுறி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை. இடி மழைக்கு ஒரு நன்மை இருக்கிறது, பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வரும். மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுக்கத் தொடங்கினால் நேரம் பார்க்காமல் அப்போதே கீழே கொண்டுபோய்விடுங்கள். நாள் முழுதும் ஊற்றுகிற மழைக்குப் பெரிய குடையும், கார் நிறுத்தும் இடத்தில் கூரைக்குக் கீழ் ஒரு மூலையும் வேண்டும். அந்த மூலையை வெயில் நாட்களிலேயே இரண்டு மூன்று தடவை பழக்கி வைத்திருந்தால்தான் மழையில் கைகொடுக்கும்.

அதுவும் முடியாவிட்டால் பெல்கனியில் புல் தட்டு. பூக்கன்று விற்கிற இடத்தில் மலேசியன் புல் துண்டு வாங்கி, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டில் வைத்து, அதன் கீழ் ஓட்டையில்லாத இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். கீழ் வீட்டு அன்ரி கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையோடு மேலே வந்தார். பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானமானோம். புல்லை இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

மழைத் தண்ணீர் தேங்கிய இடங்களில் குட்டியை நக்கவும் குடிக்கவும் விடாதீர்கள். எலியின் சலம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். போட்ட தடுப்பூசியில் அதற்குரியதும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். மேலே வந்ததும் கால் நாலையும் கழுவித் துடைத்துவிட்டால் சரி.

கூட்டுக்குள்ளேயே போகிறது, சாமத்தில் போகிறது

கூடு பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பறை. எழும்பி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க அளவான இடம் போதும், மிச்சத்தைப் பலகையால் தடுங்கள். அளவு சரியாக இருந்தும் போகிறது என்றால் விட்டுவைத்த நேரம் கூட. பிறந்ததிலிருந்து கம்பிக் கூட்டில் விற்பனைக்கு இருந்த குட்டி என்றால் கதை வேறு. படுத்த இடத்திலேயே போக வேண்டியிருந்ததால் அந்த அருவருப்பே அதற்கு அற்றுப்போயிருக்கும். அதைக் கூட்டில் பூட்டிப் பழக்க முடியாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே கொண்டுபோக ஆள் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

சாமத்துக்கு: இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன் முடியுங்கள், படுக்கப் போகுமுன் கடைசியாக ஒரு தடவை. கொழும்பு வெக்கையில் தண்ணீரைப் பறிக்க வேண்டாம். மூன்று மாதக் குட்டிக்கு இரண்டு மணிக்கு அலாரம் வையுங்கள், அது அழுது எழுப்புமுன் நீங்கள் எழுப்பினால் அழுதால் வருவார்கள் என்று பழகாது. லைட் போடாமல், கொஞ்சாமல், போய் வந்து படுக்க வேண்டியதுதான். பிறகு ஒவ்வொரு மூன்று நாளைக்கும் கால் மணி நேரம் பிந்துங்கள்.

கால் தூக்கித் திரைச்சீலையில் அடிக்கிறான்

ஆண் குட்டிக்கு ஆறு மாதம் தாண்டினால் இது வரலாம். அளவு கொஞ்சம், இடம் எப்போதும் நின்றுகொண்டிருக்கும் பொருள்: கதவு நிலை, திரைச்சீலை, புதிதாக வந்த பை. சல நெருக்கடி இல்லை, எல்லை போடுகிறான். மேல் வீட்டு ரொமி, யன்னலால் தெரு நாயைக் காணும் ஒவ்வொரு தடவையும் திரைச்சீலையில் போடுவான். யன்னலின் கீழ்ப் பாதிக்குத் தாள் ஒட்டினார்கள், பாதி குறைந்தது. ஆண்மை நீக்கும் சத்திரசிகிச்சை பல நாய்களில் மிச்சத்தையும் குறைக்கும். எப்போது செய்வது என்பதை வைத்தியரோடு பேசுங்கள். பழக்கம் ஊறுமுன் செய்தால் நல்லது.

கடதாசியை விட்டு வெளியே வராது

ஃபிளாட் குட்டிகள் அநேகமாகக் கடதாசியில்தான் தொடங்கும், தொடங்கவும் வேண்டும். தடுப்பூசிகள் முடியப் பதினாறு வாரமாவது ஆகும், அதற்கு முன் தெரு நாய்கள் புழங்கும் மண்ணில் இறக்கினால் பார்வோ பயம். சிக்கல் என்னவென்றால், இரண்டு மூன்று மாத வயதில் காலுக்குக் கீழ் எது பட்டதோ அதையே குட்டி கழிப்பறை என்று பதித்துக்கொள்கிறது. கடதாசியில் பழகியதற்குப் புல் அந்நியம்.

ஒரே நாளில் கடதாசியை எடுத்துவிடாதீர்கள். நாளுக்கு ஓர் அடி வாசல் பக்கம் நகர்த்துங்கள். பிட்டுவின் கடதாசி விறாந்தையிலிருந்து வாசலுக்கு வர ஒன்பது நாள் எடுத்தது. நடுவில் ஒரு நாள் அவசரப்பட்டு மூன்று அடி நகர்த்தினேன். அவள் பழைய இடத்திலேயே வெறும் தரையில் போய்விட்டு, கடதாசியைத் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வந்தபின் சலம் பட்ட துண்டு ஒன்றைக் கீழே கொண்டுபோய் மாமரத்தடியில் விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன். நாலாம் நாள் அதில் போனாள். அப்புறம் தினமும் துண்டைச் சின்னதாகக் கிழித்துக்கொண்டே வந்தேன், முழுத் தாள், அரைத் தாள், கையளவு, தபால் முத்திரை அளவு. கடைசியில் கல் மட்டும்.

இப்போது அவளுக்கு ஒரு வயது. அப்பா மட்டும் ஞாயிறு வீரகேசரியைத் தரையில் விரித்து வைத்து வாசிக்கும் பழக்கத்தை விட வேண்டியிருந்தது.